நீல நைலான் கடல்

செப். 27, சனி

காலையிலேயே வெயில் சுள்ளென்று. காலாண்டு விடுமுறை ஆரம்பம், ஒன்பது நாள். இதற்குள் படத்தை முடிக்காவிட்டால் இனி அரையாண்டு லீவில்தான். அதுவரை அப்பாவின் கண் தாங்காது.

மாடி அறையைக் கூட்டி, ஜன்னலை அடைத்தோம். முதலில் கறுப்புத் துணி, அதற்கு மேல் தம்பி செந்திலின் ஸ்டுடியோவில் கிடந்த பழைய கல்யாண ஃப்ளெக்ஸ். யாரோ ஒரு மாப்பிள்ளையும் பொண்ணும் வெளியே மணமேல்குடி கடைத்தெருவைப் பார்த்துக் கும்பிட்டபடி நிற்கிறார்கள். மின்விசிறி போடக்கூடாது, போட்டால் பொம்மையின் சட்டை ஆடும். இப்போதே ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

மீதி:
1. கரையிலிருந்து கப்பல் புறப்படுவது. பதினைந்து நொடி, ஒரே ஷாட்.
2. சத்தம் சேர்ப்பது.
3. ஆறாம் வகுப்புக் கணக்குத் தாள், இரண்டு கட்டு. பிரிக்கக்கூட இல்லை.

மற்றதெல்லாம் எடுத்தாகிவிட்டது. இரண்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள். பொம்மையை நெல்லளவு நகர்த்து, ஒரு படம் எடு. திரும்ப நகர்த்து, திரும்ப எடு. பன்னிரண்டு படம் சேர்ந்தால் திரையில் ஒரு நொடி. ஆறு நிமிஷப் படத்துக்கு இந்தப் பாடு. "கொழந்தைங்க படம்னு யார்ட்டயும் சொல்லாதக்கா. குடும்பத்தோட பாக்குற சாகசப் படம்னு சொல்லு" என்கிறான் செந்தில். பெரிய கம்பெனிக்காரன் பேச்சு.

கதை எங்களுடையதுதான். நாங்கள் சின்னப் பிள்ளைகள், அப்பா அப்போது அபுதாபியில். அவர் முதல் லீவில் கொண்டுவந்த நீல நைலான் சேலையை அம்மாவின் பீரோவிலிருந்து எடுத்துத் தரையில் விரிப்போம். அதுதான் கடல். தீப்பெட்டி கப்பல். இரண்டு புளியங்கொட்டைகள் அதில் ஏறிப் போய் அப்பாவைக் கூட்டிவர வேண்டும். நடுவில் நண்டு ராஜா, சூறாவளி, எல்லாம் உண்டு. எத்தனை நாள் ஆடினோம். ஒரு நாள்கூட அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. அதற்குள் சேலையைத் தேடி அம்மா வந்துவிடுவாள்.

புளியங்கொட்டைகள் இப்போது பொன்னி, ராசு என்று இரண்டு பொம்மைகள். கம்பி உடம்பு, காகிதக் கூழ் மண்டை. அக்கரையில் நிற்க அப்பா பொம்மை ஒன்று. கடல் மட்டும் அதே சேலை. இத்தனை வருஷத்தில் ஒரு நூல் பிரியவில்லை.

செப். 28, ஞாயிறு

புழுக்கம். இரவு மழை பெய்யும் போலிருந்தது, பெய்யவில்லை.

அப்பாவுக்குச் சர்க்கரையால் கண் நரம்பு கெட்டுவிட்டது. இடது கண் போன தை மாதமே போய்விட்டது. வலது கண்ணுக்கு ஊசி, லேசர் எல்லாம் பார்த்தாகிவிட்டது. மதுரை டாக்டர் போன வாரம் சொன்னது: "இருக்குற வெளிச்சத்தை வச்சுப் பாக்க வேண்டியதெல்லாம் பாத்துக்கச் சொல்லுங்க." அப்பா அதற்கும் தலையாட்டிவிட்டு, "சரிங்க சார், மதிய பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.

இன்று லேப்டாப்பில் நண்டு ராஜா காட்சியைப் போட்டு முன்னால் வைத்தேன். சத்தம் சேர்க்காத காட்சி. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நல்லாருக்குத்தா."

"நண்டு எப்பிடிப்பா இருக்கு?"

"நல்லா பெருசா வச்சிருக்கீக."

அம்மா கூப்பிட்டாளென்று அடுப்படிக்குப் போய்த் திரும்பி வந்தேன். காட்சி முடிந்து திரை கறுத்துக் கிடந்தது. அப்பா இன்னும் அதையே பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். "அடடா, நல்லா பண்ணிருக்கீக" என்றார்.

லேப்டாப்பை மூடி வைத்தேன். தினமும் காலையில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறாரே, அதுவும் இப்படித்தானோ. போய்ப் பார்த்தேன். வியாழக்கிழமைப் பேப்பர்.

மாடிக்குப் போய் அழுதேன். அங்கே சத்தம் வெளியே கேட்காது, ஃப்ளெக்ஸ் அடைத்திருப்பதால்.

செந்திலிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கேமராவைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "லேப்டாப்பு சின்னதுக்கா. செவுத்துல பெருசா போட்டா தெரியும். என்ட்ட கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுற புரொஜெக்டர் கெடக்குல்ல" என்றான். தெரியும் என்று அவனும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. ஆனாலும் முடித்துவிட வேண்டும்.

செப். 29, திங்கள்

புறப்பாடு ஷாட் ஆரம்பம். மீமிசல் கடற்கரையிலிருந்து உரச்சாக்கில் கொண்டுவந்த மணலைப் பலகையில் கொட்டிக் கரை. கரையை ஒட்டி நைலான் கடல். அலை மடிப்பு ஒவ்வொன்றுக்கும் உள்ளே பென்சில். ஒரு படத்துக்கு ஏழு பென்சில் நகர்த்த வேண்டும். பிறகு பொன்னியின் கால், ராசுவின் கை, கப்பலின் பாய்.

ஒரு நாளைக்கு 56 படம். இடுப்பு போய்விட்டது.

31ஆம் படத்தில் சுவரிலிருந்து ஒரு பல்லி இறங்கிக் கடலைக் கடந்து போனது. செந்தில் மூச்சே விடாமல் நின்றான். பென்சில் எதுவும் அசையவில்லை, பல்லிக்கு நன்றி. அந்த ஒரு படத்தில் விழுந்திருக்கிறது. "முதலைன்னு சொல்லிக்கலாம்" என்றான். அதை நீக்கிவிட்டுத் திரும்ப எடுத்தோம்.

கடைக்குப் பால் வாங்கப் போனபோது முதுகுக்குப் பின்னால்: "டீச்சர் வீட்டுல லீவுன்னா கதவச் சாத்திக்கிட்டுப் பொம்மை வச்சு வெளையாடுறாகளாம்." "யாரு, கணக்கு டீச்சரா?" "ஆமாங்குறேன்." திரும்பிப் பார்க்கவில்லை. உண்மைதானே.

செப். 30, செவ்வாய்

மேலும் 56. ஆக 112. பாதிக்கு மேல். பொன்னி கப்பலில் ஒரு காலை வைத்துவிட்டாள், ராசு மணலில் நிற்கிறான், லேசாகச் சாய்ந்து. அந்தச் சாய்வுக்கே ஒரு மணி நேரம் ஆனது. பின்னால் திரும்பி வீட்டைப் பார்ப்பதுபோல் இருக்க வேண்டும்.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது. அப்படியே விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினோம். கதவில் சாக்பீஸால் பெரிதாக: யாரும் உள்ளே வரக்கூடாது. அம்மாவுக்கும்தான், என்று வாயாலும் சொன்னேன். "நான் எதுக்குடி அங்கிட்டு வாரேன்" என்றாள்.

நாளை ஆயுத பூஜை. கருவியைத் தொடக்கூடாது, ஒரு நாள் ஓய்வு. செந்தில் ஸ்டுடியோவைக் கழுவப் போகிறான்.

அக். 1, புதன்

எழுதவே கை வரவில்லை.

காலையில் பொரி, கடலை, பூ வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். கூட்டம். திரும்பிவர ஒரு மணி நேரம். படியேறும்போதே சாம்பிராணி வாசனை. கீழேயிருந்து வருகிறது என்று நினைத்தேன். மாடிக் கதவு திறந்து கிடந்தது.

அம்மா உள்ளே. கையில் சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ்.

ஆயுத பூஜை அல்லவா. வீட்டில் அரிவாள்மனை, தையல் மிஷின், சைக்கிள், மிக்சி என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவள், மாடியில் இருக்கிற ஆயுதங்களை விட்டால் சாமி கோபித்துக்கொள்ளும் என்று ஏறி வந்திருக்கிறாள். கேமராத் தலையில் பொட்டு. மூன்று கால்களிலும் மூன்று பொட்டு. இரண்டு விளக்கு, கத்தரி, இடுக்கி, பென்சில் டப்பா. கடைசியாக, பொன்னி நெற்றியிலும் ராசு நெற்றியிலும் நல்ல ஈரச் சந்தனம் வைத்து, மேலே குங்குமம்.

அது போதாதென்று:

"பய சாஞ்சுபோய் நின்னான். விழுந்துருவான்னு நிமித்தி வச்சேன்."

அது போதாதென்று:

"எஞ் சேலைய இப்பிடிக் கசக்கிப் போட்டிருக்கீக. பென்சிலெல்லாம் உள்ள கெடந்துச்சு. எடுத்துட்டு நீவி விட்டேன்."

கடல் இஸ்திரி போட்டதுபோலக் கிடந்தது.

பொரிப் பையை அப்படியே போட்டுவிட்டேன். கத்தினேன். என்ன சொன்னேன் என்று முழுதாக எழுத வெட்கமாக இருக்கிறது. "அப்பாவுக்குன்னு பண்ணதை நாசமாக்கிட்டியேம்மா" என்பது அதில் ஒன்று. அவர் கீழே இருந்தார், கேட்டிருக்கும்.

ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தேன். காகிதக் கூழ் சந்தனத்தை உறிஞ்சிக்கொண்டது. பெயிண்டும் சேர்ந்து உரிகிறது. அந்த மாநிறம் மூன்று பெயிண்டைக் கலந்து எப்படியோ அமைந்தது. திரும்ப வராது.

அம்மா கீழே போய்விட்டாள். சுண்டலை யாரும் தொடவில்லை.

அக். 2, வியாழன்

விடிகாலையில் தூறல். பிறகு மூட்டம்.

செந்தில் வந்தான். 112ஆம் படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு பொம்மைகளைப் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தேன், சிரித்துவிட்டான். "நம்மள மாதிரி கூமுட்டைங்க வேற எவனும் இல்லக்கா. ஆயுத பூஜ அன்னைக்கி அம்மாவுக்கு எட்டுற எடத்துல கேமராவ விட்டுட்டுப் போயிருக்கோம்."

முதலிலிருந்து எடுக்க நாள் இல்லை. திங்கள் பள்ளி திறக்கிறது. அவனுக்கு அடுத்த வாரத்திலிருந்து காதுகுத்து, சீமந்தம் என்று வரிசையாக இருக்கிறது.

அம்மா காபி கொண்டுவந்து வாசலுக்கு வெளியே நின்றாள். உள்ளே வரவில்லை. சாக்பீஸ் எழுத்தை ஒரு பார்வை.

"ஏம்மா, அந்தப் பெட்டியில அப்பா பொம்மை கெடந்துச்சே. அதுக்கு மட்டும் ஏன் வைக்கல?" என்று செந்தில் கேட்டான், கேலியாகத்தான்.

"அவரு அங்கிட்டுக் கரையில நிக்கிறவருதானே. ஊருக்குத் திரும்பி வர்றவருக்கு எதுக்கு? போறவங்களுக்குத்தான் வச்சு அனுப்புறது. இதுக ரெண்டும் கடல்ல போகுதுகன்னு நீதான சொன்ன. வெறும் நெத்தியோட அனுப்புவாங்களா பிள்ளைகள?"

எனக்கு அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டு ஞாபகம் வந்துவிட்டது. அப்பா ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பஸ் படியில் ஒரு கால் வைத்துக் குனிவார். அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த குங்குமத்தை எடுத்து அவர் நெற்றியில் வைப்பாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். பஸ் திரும்பும் வரை எனக்கு அப்பாவின் முகம் தெரியாது, ஜன்னலில் அந்தச் சிவப்புத்தான் தெரியும். இத்தனை வருஷத்தில் இதை நான் மறந்திருந்தேன். படத்தில் நண்டு ராஜாவுக்கு இடம் இருந்தது, இதற்கு இல்லை.

செந்தில் காபியைக் கீழே வைத்தான். "அம்மா, உள்ள வா. கையக் கழுவிட்டு வா."

ராசுவைப் பழையபடி சாய்த்தோம். பென்சில்களைத் திரும்பச் செருகினோம். சரியாக முன்போல் வராது, ஆனால் அம்மாவின் கை குறுக்கே வந்தால் யாருக்கும் தெரியாது. ஆமாம், அம்மாவின் கை. மேலேயிருந்து ஒரு பெரிய நிஜக் கை கடற்கரைக்கு இறங்கி வருகிறது, பொன்னியின் நெற்றியை மறைக்கிறது, விலகுகிறது, பொட்டு. பிறகு ராசு. விலகும்போது கடல் புதுக்கடல்.

கையை ஒவ்வொரு படத்துக்கும் அரை விரல் நகர்த்தி, மூச்சைப் பிடித்து நிற்க வேண்டும். 48 படம். "கை மரத்துப் போச்சுடா." "இன்னும் ரெண்டே ரெண்டும்மா." "இதத்தான் அரை மணியாச் சொல்ற." வளையல் ஒன்று ஆடிக்கொண்டே இருந்தது, நூல் போட்டுக் கட்டினோம்.

நேற்று பேசியதற்கு மன்னிப்பு என்று சொல்லவில்லை. அவள் தோளைப் பிடித்துவிட்டேன். "எண்ணெய் தேச்சு விடு, வாயால பேசாத" என்றாள்.

அக். 4, சனி

புறப்பாடு முடிந்தது. மொத்தம் 231 படம், நினைத்ததைவிட நீளம். கடலில் போகும் காட்சிகளில் பொட்டு இல்லை, அவை முன்பே எடுத்தவை. "மொத அலையிலேயே அழிஞ்சிருச்சுன்னு வச்சுக்கலாம்" என்றான் செந்தில். எனக்குச் சரியாகப் படவில்லை, ஆனால் வேறு வழி இல்லை.

மத்தியானம் புரொஜெக்டரைக் கொண்டுவந்தான். மாடி அறைச் சுவரில் சோதனை. அப்பாவைக் கையைப் பிடித்து மேலே கூட்டிவந்தேன். பொய் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். "பொய்யெல்லாம் எதுக்காத்தா சொல்றேன்" என்றார், வேறு பக்கம் பார்த்து.

வீட்டுக் காட்சி ஓடியது.

"தெரியுதாப்பா?"

"வெளிச்சம் தெரியுது. ஏதோ அசையுது." நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அம்புட்டுத்தான் ஆத்தா."

உண்மையைச் சொல்லிவிட்டார். கேட்டவளுக்குத்தான் தாங்கவில்லை.

அணைக்கப் போன செந்தில், புது ஷாட் வரை ஓடட்டும் என்று விட்டுவிட்டான். புறப்பாடு வந்தது. அம்மாவின் கை வந்து விலகியது. அப்பா நாற்காலியில் முன்னால் சரிந்தார்.

"அதென்ன, செவப்பா ரெண்டு?"

நானும் செந்திலும் சுவரைத் திரும்பிப் பார்த்தோம். பொட்டுகள்.

"இந்தா, இங்கிட்டு ஒண்ணு. அது பின்னாடியே இன்னொண்ணு. ரெண்டும் கப்பல்லயா ஏறுது?" விரலைக் காற்றில் நகர்த்திக் காட்டினார். சரியாகக் காட்டினார். இடமிருந்து வலம், பொன்னி முன்னால், ராசு பின்னால்.

அடுத்த காட்சி வந்தது. நடுக்கடல். பொட்டு இல்லை. அப்பாவின் விரல் காற்றில் நின்றுவிட்டது. "எங்க போச்சு?"

செந்தில் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் ஸ்டுடியோவில் கல்யாணப் பெண்களின் முகப்பருவை எடுக்கிற சாஃப்ட்வேர் இருக்கிறது. பருவை எடுக்க முடியுமென்றால் பொட்டும் வைக்க முடியும்.

அக். 8, புதன்

மழை, விட்டு விட்டு. தெருவில் சாக்கடை நிரம்பிவிட்டது.

நடுக்கடல், நண்டு ராஜா, சூறாவளி, அக்கரை. மூவாயிரத்துச் சொச்சம் படம். ஒவ்வொன்றிலும் இரண்டு பொட்டு. மவுஸை நெற்றிக்குக் கொண்டுபோ, ஒரு தட்டு, அடுத்த நெற்றி, ஒரு தட்டு, அடுத்த படம். பள்ளி விட்டு வந்ததும் செந்திலின் ஸ்டுடியோவில் உட்கார்ந்தால் எட்டு மணி வரை. காதுகுத்து, சீமந்தம் போக மிச்சப் பகலில் அவன் வைக்கிறான், நான் மாலையில். என் பொட்டு பெரியதாம், அவன் பொட்டு சின்னதாம். அம்மா வந்து பார்த்து, "ரெண்டும் சரியில்ல. நடுவாந்தரமா வை" என்றாள். அளவு அம்மாவுடையதுதான்.

பொன்னி திரும்பி நிற்கும் படங்களில் நெற்றி தெரியாது. அங்கே வைப்பதா? கதைப்படி தப்பு. வைத்துவிட்டேன். தலைமுடி மேலேயே. பார்க்கிறவர்கள் பூ என்று நினைத்துக்கொள்ளட்டும்.

கணக்குத் தாள் இன்னும் ஒரு கட்டு. ஒரு பையன் விடை எழுதாமல் பக்கம் நிறைய வட்டம் வரைந்திருந்தான். எனக்கு எல்லாமே பொட்டாகத் தெரிகிறது.

அப்பா இன்று காலை டம்ளரைத் தேடி மேசையைத் தடவினார். நேற்றுவரை தடவவில்லை. செந்திலுக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை போட்டுவிடலாம், சத்தம் அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை என்றேன்.

அக். 12, ஞாயிறு

வெயில். மொட்டைமாடியில் துணி காய்கிறது.

பதினொரு மணிக்குப் போட்டோம். மாடி அறை, நாலு நாற்காலி. அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார், தியேட்டருக்குப் போகிறவர் மாதிரி. அம்மா நெய்முறுக்கு. மின்விசிறி போட்டோம், இரண்டு வருஷத்தில் முதல் தடவை.

முதல் ஒன்றரை நிமிஷம் வீட்டுக் காட்சி. நான் காதோரம் சொன்னேன்: பீரோவைத் திறக்குதுக, சேலைய எடுக்குதுக, தீப்பெட்டியக் காலி பண்ணுதுக. அப்பா, "குச்சியெல்லாம் எங்கடா போட்டீக, அடுப்புக்கு வேணும்ல" என்றார். எல்லாருக்கும் சிரிப்பு.

கடல் சத்தம் வந்தது. "மீமிசலா?" என்றார். "ஆமாப்பா." செந்தில் போய்ப் பதிந்து வந்தது அது.

கை வந்தது. பொட்டு வந்தது. அதற்குப் பிறகு நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல விடவில்லை அவர். "சும்மா இரு, தெரியுது."

விரல் நீட்டிக்கொண்டே போனார். சூறாவளியில் இரண்டு பொட்டும் மேலும் கீழும் ஆட, இவர் விரலும் ஆடியது. ராசு தண்ணீரில் விழுந்ததும், "ஒண்ண காணோம்டி, ஒண்ண காணோம்" என்று அம்மாவின் கையைப் பிடித்துவிட்டார். ராசு மேலே வந்ததும்தான் விட்டார். நண்டு ராஜா தெரியவில்லை, ஆனால் பொட்டு இரண்டும் ஓடியதை வைத்து, "எதுக்கோ பயந்து ஓடுதுக" என்று கண்டுபிடித்தார்.

கடைசிக் காட்சி. அக்கரை. கரையில் அப்பா பொம்மை, பெட்டியோடு, அசையாமல் நிற்கிறது. தூரத்திலிருந்து கப்பல் நெருங்குகிறது. முப்பது நொடி. ஜூனில் எடுத்தபோது இந்த நீளம் எங்களுக்குப் பிடித்திருந்தது.

"ரெண்டும் ஒரே எடத்துக்குப் போகுதே. எங்க போகுது?"

"அப்பாகிட்டப்பா."

"அவன் எங்க நிக்கிறான்?"

நாங்கள் அந்தப் பொம்மைக்குப் பொட்டு வைக்கவில்லை. திரும்பி வர்றவருக்கு எதுக்கு என்று அம்மா சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டோம். மூவாயிரம் படத்தில் எனக்கும் தோன்றவில்லை, செந்திலுக்கும் தோன்றவில்லை.

"அவனக் காணோமே" என்றார் அப்பா. விரல் சுவரில் தேடியது. "வரலையா அவன்?"

செந்தில் நிறுத்தலாமா என்று எழுந்தான். அதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். இடுப்பிலிருந்து சிமிழை எடுத்தாள். அவள் நிழல் விழுந்து கடல் பாதி மறைந்தது. சுவரருகே போய், மோதிர விரலில் நிறையக் குங்குமம் தொட்டு, அந்தப் பொம்மையின் நெற்றியில் அழுத்தி வைத்தாள். வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"இந்தா, இங்கதான் நிக்கிறீங்க" என்றாள்.

அப்பாவின் விரல் அங்கே போய் நின்றது. இரண்டு பொட்டும் மெல்ல மெல்ல அதை நோக்கி வந்தன. யாரும் முறுக்கைக் கடிக்கவில்லை. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்ததும் அப்பா கையை மடியில் போட்டுக்கொண்டார்.

"ம். வந்து சேந்துட்டாக."

படம் முடிந்து விளக்கைப் போட்டோம். வெறும் சுவரில் ஒரே ஒரு குங்குமம் இருக்கிறது. சுண்ணாம்பு அடிக்கும்போது அந்த இடத்தை விட்டு அடிக்கச் சொல்ல வேண்டும்.